ஏழு மணிக்குப் பொய்

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? பாட்டு வைங்க, சீரியல் வைங்க, மதுரை வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்த அம்மா செய்தி வாசிக்கிறது மட்டும் வேண்டாம். எனக்கு இந்தக் குரல் ஆகாது.

தலைவலி எல்லாம் இல்லக்கா. வாந்தியும் வராது, பயப்படாதீங்க.

கவர்மெண்டு டிவிதான் பாப்பீங்களா? மத்ததுல எல்லாம் ஒரே கத்தலா இருக்குன்னா? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஆமா, இதுல கத்த மாட்டாங்க. பட்டுப்புடவை கட்டி, தலைகூட ஆடாம, மெதுவா வாசிப்பாங்க. எங்கம்மா செத்ததையும் அப்படித்தான் வாசிச்சாங்க.

ஐயோ, அணைச்சே போட்டீங்களா? குறைக்கத்தான் சொன்னேன். பரவாயில்ல, விடுங்க.

எந்த ஊருன்னு கேக்குறீங்க. கரட்டுப்பட்டி. பாத்தீங்களா, முகம் மாறுது. "கல்லெறிஞ்ச ஊரா"ன்னு கேக்க வாய் வருது, நாகரிகத்துக்கு நிறுத்திக்கிறீங்க. கேளுங்க, பரவாயில்ல. கல்லெறிஞ்ச ஊருதான். அம்மா செத்த அன்னைக்கு ரெண்டு பசங்க எறிஞ்சாங்க. நான் பாத்தேன். அதுக்கு முன்னாடி குருவம்மா சித்தியோட முடியைப் பிடிச்சு ஒரு போலீஸ்காரர் ரோட்டுல இழுத்தாரு. அதையும் நான் பாத்தேன். கேமராக்காரரும் பாத்தாரு, என் பக்கத்துலதான் நின்னாரு. டிவியில கல்லு மட்டும் வந்துச்சு. சித்தி முடி வரல.

நான் பொய் சொல்ற பிள்ளை இல்லக்கா. அதுக்குத்தான் இன்னைக்குப் போறதே. கமிஷன் வச்சிருக்காங்கல்ல, ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர், அவர் முன்னாடி சாட்சி சொல்லணும். பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. வக்கீல் சார் மாட்டுத்தாவணிக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு. தனியாத்தான் போறேன். அப்பாவுக்குக் காய்ச்சல்.

என்ன சொல்லப் போறேனா? அந்த டிவி சொன்னது பொய்னு சொல்லப் போறேன். அது ஒண்ணுதான். அது பொய்னு ஆச்சுன்னா எங்கம்மாவைக் கொன்னுட்டாங்கன்னு ஆகும். அது நிஜம்னு ஆச்சுன்னா, கலைஞ்சு போன போராட்டத்துல வேலையில்லாம உக்காந்திருந்த பொம்பளை மேல தவறி பந்தல் கட்டை விழுந்துச்சுன்னு ஆகும். வக்கீல் சார் இப்படித்தான் எனக்கு விளக்குனாரு. நல்லா விளக்குவாரு அவரு.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லைன்னா உங்களுக்கும் அந்த டிவி சொன்னதுதான் மனசுல நிக்கும்.

எங்க கண்மாய்க்கு மேற்குப் பக்கம் ஒரு ஆலை கட்ட வந்தாங்க. ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிற ஆலை. ஊசி, ரத்தத்துணி, வெட்டி எடுத்த கை, காலு, எல்லாம் ஏழெட்டு ஜில்லாவுல இருந்து லாரியில வந்து எங்க ஊர்ல எரியுமாம். எங்க ஊரு, நெடுங்குளம், பூலாங்கால், மூணு ஊரும் அந்தக் கண்மாய்த் தண்ணிதான். மூணு ஊரும் சேர்ந்து ஆலைக்குப் போற விலக்கு ரோட்டுல பந்தல் போட்டு உக்காந்தோம்.

எங்கப்பாதான் குழுத் தலைவர். அழகுவேல்னு பேரு. மூட்டை தூக்குற வேலைதான், ஆனா பேசுனார்னா மூணு ஊரும் கேக்கும். அவருதான் முறை போட்டாரு. ஒரு நாளைக்கு ஒரு ஊரு. காலையில எட்டு மணிக்கு ஆள் மாறணும். அதுல ஒரு சட்டம் வச்சாரு பாருங்க: அடுத்த ஊர்க்காரங்க வந்து உக்காந்த பிறகுதான் முந்தின ஊர்க்காரங்க எந்திரிக்கணும். பந்தல் ஒரு நிமிஷம் காலியா இருந்தாலும் பிடுங்கிடுவாங்கன்னு. வயக்காட்டு வேலை இருந்தாலும் சரி, வீட்டுல பிள்ளை அழுதாலும் சரி, வந்து உக்காந்தாத்தான் எந்திரிக்கலாம். ஒருநாள் நெடுங்குளத்துக்காரங்க பஸ்ஸை விட்டுட்டாங்க. எங்கம்மா பகல் பூரா எந்திரிக்கலயே! ஒண்ணுக்குப் போகக்கூட ஆளை மாத்தி உக்கார வச்சுட்டுத்தான் போச்சு. அப்பாவுக்குச் சிரிப்பு. "ஏய் சீனி, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா நீ கோர்ட்டு உத்தரவு மாதிரி எடுத்துக்கிறியே"ன்னாரு. "ஊருக்கு ஒரு சட்டம், பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா"ன்னுச்சு அம்மா. சீனியம்மாள்னு பேரு எங்கம்மாவுக்கு. சொல்லலைல்ல?

பந்தல்ல ஒரு டிவி இருந்துச்சு. டெய்லர் தங்கமாரி மாமா தன் கடை டிவியைத் தூக்கிட்டு வந்து வச்சிருந்தாரு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கவர்மெண்டு டிவி செய்தி. எல்லாரும் அதுக்குன்னே காத்திருப்போம். நம்மளைச் சொல்லுவாங்களான்னு. என்னத்தையோ திறந்து வைப்பாங்க, யாரோ யாருக்கோ மாலை போடுவாங்க, கிரிக்கெட்டு, மழை, வணக்கம். தினமும் இதேதான். நாங்க வெயில்ல கருகிட்டுக் கிடக்கோம், எங்கேயோ ஒரு யானை குட்டி போட்டதை வாசிக்குது அந்தம்மா.

அப்புறம் ஒருநாள் சொன்னாங்க. "அப்பகுதியைச் சேர்ந்த சிலர்"னாங்க. சிலர்! எண்ணூறு வீட்டு ஆளுங்கக்கா. சிலராம். அடுத்த வாரம் "வெளியூர் நபர்களின் தூண்டுதலால்"னாங்க. குருவம்மா சித்தி எந்திரிச்சு நின்னு, "அடி ஆத்தி, என்னையத்தான் சொல்றான். நான் நெடுங்குளத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, எவனோ போட்டுக் குடுத்துட்டான்"னுச்சு. பந்தலே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

அன்னைக்குத்தான் அப்பா ஆரம்பிச்சாரு. டிவி பக்கத்துல போய் நின்னாரு. அந்தம்மா ஒரு வரி வாசிச்சதும் கையைத் தூக்கி, "பொய்!"னாரு. நாங்களும் "பொய்!"னோம். அடுத்த வரி. "ஆலையால் எந்தப் பாதிப்பும் இருக்காது என மாவட்ட நிர்வாகம்..." "பொய்!" கோயில்ல கோவிந்தா போடுவாங்கல்ல, அந்த மாதிரி. அதுக்கப்புறம் தினமும் அதான். அதுக்குன்னே முறை இல்லாத ஊர்க்காரங்களும் ஏழு மணிக்கு வருவாங்க. சின்னப் பிள்ளைங்க எல்லாம் முன்வரிசையில இடம் பிடிக்கும். ஒருநாள் "நாளை தென் மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு"ன்னுச்சு அந்தம்மா. அதுக்கும் "பொய்!"னோம். மறுநாள் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு பாருங்க. நனைஞ்சுகிட்டே சிரிச்சோம். அந்தப் பந்தல்ல நாங்க சந்தோஷமா இருந்தோம்க்கா. யாரும் இதை எழுதல.

மத்த டிவியும் வந்துச்சு. கட்சி டிவி. அவங்க வேற மாதிரி. கேமராவைக் கீழ வச்சு, முன்னாடி நாலு பேரை நெருக்கி நிக்க வச்சு எடுப்பாங்க. இருநூறு பேரு ஆயிரம் பேரு மாதிரி தெரியும். "கொஞ்சம் அழுங்கம்மா"ன்னு எங்கம்மாகிட்ட கேட்டாங்க. அம்மா வெங்காயம் உரிச்சுகிட்டு இருந்துச்சு, ஏற்கெனவே அழுதுகிட்டுத்தான் இருந்துச்சு. அப்படியே எடுத்துட்டுப் போனாங்க. ராத்திரி பாத்தா, "மண்ணுக்காகக் கதறும் தாய்"னு கீழ எழுத்து ஓடுது. அது பொய் இல்லையான்னு கேக்குறீங்களா? அது எப்படிக்கா பொய் ஆகும்? அது நம்ம பக்கம்ல.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்பத்தான். பதினொண்ணு படிச்சுகிட்டு இருந்தேன். யாரும் நிறுத்தல, நானேதான். வரலாறு சார் கிளாஸ்ல, "கரட்டுப்பட்டியில தூண்டிவிடுறாங்கன்னு செய்தியில சொன்னாங்களே, யாரு பாப்பா அந்த வெளியூர்க்காரங்க?"ன்னு என்னைக் கேட்டாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "நீங்கதான் சார் வெளியூரு"ன்னேன். வெளிய போன்னாரு. போயிட்டேன். திரும்ப உள்ள வான்னு அவர் கூப்பிடவும் இல்ல, நானும் போகல. அம்மா ரெண்டு நாள் பேசல என்கூட. அப்பா மட்டும் தட்டிக் குடுத்தாரு. "என் பிள்ளைடா"ன்னாரு.

சரி, அந்த நாளுக்கு வர்றேன்.

பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துச்சு. அப்பா மட்டும் வரணும்னாங்க. போயிட்டு வாங்கன்னு எல்லாரும் சொல்லித்தான் போனாரு, ஒளிஞ்சு போகல. எங்கம்மா புதுச் சட்டையைப் போட்டுட்டுப் போங்கன்னுச்சு. பொங்கலுக்குன்னு தங்கமாரி மாமா தச்ச சட்டை அது. வானத்து நீலம். நல்ல துணி, ஆனா பொத்தான் மட்டும் கூத்து. மாமாகிட்ட வெள்ளைப் பொத்தான் தீர்ந்து போச்சு, பந்தல்ல வந்து உக்காந்ததுல இருந்து டவுனுக்குப் போய் வாங்கவும் இல்ல. எவனோ ஒரு சின்னப் பையனுக்கு மாலுமி டிரெஸ் தைக்க வாங்கி, மிச்சம் கிடந்த பித்தளைப் பொத்தானைப் போட்டுத் தச்சுட்டாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு நங்கூரம். கடலே இல்லாத ஊர்ல நங்கூரம்! "என்ன மாமா, அப்பா கப்பல் ஓட்டப் போறாரா"ன்னு நான் கேட்டேன். அம்மா, "கண்டக்டர் மாதிரி இருக்கு, விசில் ஒண்ணுதான் குறை"ன்னுச்சு.

அன்னைக்கு அவரு அதைப் போட்டாரான்னு எனக்குத் தெரியாது. நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயிட்டாரு. போட்டிருக்க மாட்டாரு. பொங்கல் சட்டையைப் பொங்கலுக்கு முன்னாடி யாரு போடுவா?

எங்க ஊர் முறை அன்னைக்கு. ஏழு மணி ஆச்சு, அப்பா வரல. டிவியைப் போட்டாச்சு. கையைத் தூக்க ஆளில்ல. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. குருவம்மா சித்தி, "அப்பன் இல்லாட்டி மக. எந்திரிடி யோகா"ன்னுச்சு. நான் போய் டிவி பக்கத்துல நின்னேன். எனக்கு ரொம்பப் பெருமை. பொய் சொல்லல, ரொம்பப் பெருமை.

ரெண்டாவது செய்தியே எங்களுதுதான். அந்தம்மா அதே மாதிரி, தலை ஆடாம. "கரட்டுப்பட்டி மருத்துவக் கழிவு ஆலைக்கு எதிராக நடைபெற்று வந்த போராட்டம் இன்று வாபஸ் பெறப்பட்டது. மாவட்ட நிர்வாகத்துடன் நடந்த பேச்சுவார்த்தையில் சுமுக உடன்பாடு ஏற்பட்டதை அடுத்து, போராட்டக் குழுத் தலைவர் அழகுவேல் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்." அப்படியே வார்த்தை மாறாம சொல்றேன். எனக்கு மனப்பாடம்.

 படம் ஒண்ணு காட்டுனாங்க. மேசையில குனிஞ்சு ஒரு ஆளு. முகம் பாதிதான் தெரியுது. நீலச் சட்டை. நெஞ்சுல என்னமோ பளிச்சுன்னுச்சு. தங்கமாரி மாமா டிவிகிட்ட வந்து, "ஏ, அந்தப் பொத்தான்..."னு ஏதோ ஆரம்பிச்சாரு. நான் விடல. கையைத் தூக்கி, தொண்டை கிழிய, "பொய்!"னேன்.

அவ்வளவுதான். மொத்தப் பந்தலும் "பொய்!"னுச்சு. அந்த மாதிரி ஒரு சத்தம் அப்பாவுக்குக்கூட வந்ததில்ல. பிள்ளைங்க குதிக்குது. சித்தி தட்டைத் தட்டுது. அம்மா என்னைப் பாத்துச்சு பாருங்க, பள்ளிக்கூடத்தை விட்டதுல இருந்து அப்படிப் பாக்கவே இல்ல என்னை.

அப்பத்தான் பாத்தேன், அப்பா வந்துட்டாரு. பின்னாடி, கடைசி மூங்கில்கிட்ட நிக்கிறாரு. எப்ப வந்தாருன்னு தெரியல. துண்டைப் போத்தியிருந்தாரு, கழுத்து வரைக்கும். பனி. அவர் மட்டும் பொய்னு சொல்லல. தினமும் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்துச்சு அவருக்கு.

"தலைவரே, நீங்க கையெழுத்துப் போட்டுட்டீகளாமே!"ன்னு சித்தி கத்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா முன்னாடி வந்தாரு. "கலைஞ்சு வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு யாரும் இருக்க வேண்டாம்"னாரு. "ஏன்?"னு அம்மா கேட்டுச்சு. "செய்தியில சொல்லிட்டாங்கல்ல. போலீஸ் வரும்"னாரு. "டிவிக்காரன் சொன்னா நம்ம கலையணுமா? நீங்களே அதை நம்புனா ஊரு என்ன பண்ணும்? நெடுங்குளத்துக்காரங்க வந்து உக்காரட்டும், நாங்க எந்திரிக்கிறோம். யாரு வச்ச சட்டம் அது?" எல்லாரும் கைதட்டுனாங்க. அப்பா அம்மாவையே பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு. அப்புறம் அவரும் சிரிச்சாரு. ஆமாக்கா, சிரிச்சாரு. பயம் இருந்தா சிரிப்பு வருமா? கையெழுத்துப் போட்டவன் சிரிப்பானா? இதை நான் ஜட்ஜ்கிட்ட சொல்வேன்.

போகும்போது அம்மாகிட்ட, "சீனி, நீயாவது வா"ன்னாரு. மெதுவா. நான் பக்கத்துல இருந்ததால கேட்டுச்சு. "நான் எந்திரிச்சா எல்லாரும் எந்திரிச்சுடுவாக. போய்ப் படுங்க, காலையில வாங்க"ன்னுச்சு அம்மா. என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. எனக்குச் சோறு பொங்கத் தெரியுமாம், பசிக்குதாம். பொங்குனேன். சாப்பிடல அவரு. குளிக்கணும்னு வெந்நீர் அடுப்பைப் பத்த வச்சாரு. அந்த நேரத்துல.

பனின்னு அன்னைக்கு மத்த ஊர்க்காரங்க யாரும் ஏழு மணிக்கு வரல. நெடுங்குளத்துலயும் டிவி இருக்குல்ல. பூலாங்கால்லயும் இருக்கு. அங்க கையைத் தூக்க யாரும் இல்ல. வாபஸ்னு சொன்னதும் நம்பிட்டாங்க. அப்பாவுக்கு போன் போட்டுக் கேக்கலாம்ல? போட்டாங்களாம். அணைச்சிருந்துச்சாம். சார்ஜ் இல்ல, வேறென்ன. காலையில எட்டு மணிக்கு ஒரு ஆள் வரல. களை எடுக்கப் போயிட்டாங்க.

எங்க ஆளுங்க உக்காந்தே இருந்தாங்க. சட்டம் சட்டம்தான். எட்டரை ஆச்சு, ஒன்பது ஆச்சு. பொம்பளைங்கதான் மிச்சம். அம்மா உப்புமாவுக்கு அடுப்பு பத்த வச்சுச்சாம். நான் தூக்குல காபி எடுத்துட்டு நடந்துகிட்டு இருந்தேன். கண்மாய்க் கரை ஏறும்போதே பாத்தேன், ரெண்டு வேன், ஒரு மஞ்ச ஜேசிபி. பந்தலுக்குள்ள ஆள் இருக்கா இல்லையான்னு ஒருத்தன் எட்டிப் பாக்கலக்கா. போராட்டம்தான் வாபஸ் ஆயிடுச்சே, காலிப் பந்தல்தானேன்னு ஜேசிபி கையை நீட்டி, பந்தலோட நடுக்காலை ஒரு இழு. பனங்கட்டை அது. தங்கமாரி மாமா அதுமேலதான் டிவி வயரைச் சுத்தியிருந்தாரு. கட்டையும் தகரமும் டிவியும் எல்லாம் சேர்ந்து அடுப்படியில விழுந்துச்சு.

மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. அம்மா ஓடலயாம். சித்தி சொல்லுச்சு. "ஆளு வரலயே, ஆளு வரலயே"ன்னு சொல்லிகிட்டே உக்காந்திருந்துச்சாம்.

முகம் பாக்க விடல என்னை. புடவை மட்டும் பாத்தேன்.

அன்னைக்கு ஏழு மணிக்கு, சித்தி வீட்டு டிவியில நான் பாத்தேன். எல்லாரும் வேண்டாம்னாங்க, நான் போய்ப் பாத்தேன். "போராட்டம் வாபஸ் பெறப்பட்ட இடத்தில் பந்தலை அகற்றும் பணியின்போது, ஏற்கெனவே இதய நோய் இருந்த பெண் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார்." இதய நோய்! எங்கம்மா நெல்லு மூட்டையை ஒத்தைக் கையில புரட்டும். "பொய்"னேன். பக்கத்துல ஒருத்தரும் சேர்ந்து சொல்லல. நான் மட்டும் சொன்னேன்.

இப்பச் சொல்லுங்க, அம்மாவோட நெஞ்சுல இல்லாத நோயை இருக்குன்னு சொன்னவங்க, அப்பா போடாத கையெழுத்தைப் போட்டார்னு சொல்ல மாட்டாங்களா? ஒண்ணுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும்தான் சொல்வான். நான் அடிச்சுச் சொல்றது இதைத்தான்.

அப்பாவா? அப்பாவைக் கலெக்டர் பாக்கவே இல்லையாம். வாசல்லயே உக்கார வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். அப்படித்தான் சொன்னாரு. எப்பச் சொன்னாருன்னா... எல்லாம் முடிஞ்ச பிறகுதான். நான்தான் கேட்டேன், "உங்களை உள்ளயே விடலைல்லப்பா?"ன்னு. "ம்"னாரு. ஊர்ல நாலு பேரு காசு வாங்கிட்டாருன்னு பேசுறாங்க. எங்க வீட்டுக் கூரையை வந்து பாருங்க. வாங்குனவன் வீடு அப்படியா இருக்கும்? காசு வாங்குற ஆள் இல்லக்கா எங்கப்பா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதுல இல்ல.

ஆலை கட்டி முடிச்சுட்டாங்க. புகைபோக்கி எங்க வீட்டு வாசல்ல இருந்தே தெரியும். சாயங்காலம் ஆச்சுன்னா முடி கருகுற வாசம் வரும். அப்பா வேலைக்குப் போறதில்ல. ஏழு மணி ஆனா டிவி முன்னாடி உக்காந்துக்கிறாரு. அதே டிவி, அதே அம்மா. நான் அடுப்படியில இருந்து ஒவ்வொரு வரிக்கும் "பொய்", "பொய்"னு சொல்வேன்.  ஒருநாள் மட்டும், "கொஞ்சம் சும்மா இரேன் தாயி, கேக்கட்டும்"னாரு.

தங்கமாரி மாமாவுக்கும் சாட்சி சொல்ல வரச் சொல்லி வந்துச்சு. வரமாட்டேன்னுட்டாரு. நேத்து வீட்டுக்கு வந்து, அப்பா முகத்தைப் பாக்காம, என்கிட்ட மட்டும், "பாப்பா, நீயும் போக வேண்டாம். பந்தல் கட்டை விழுந்ததை மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். கையெழுத்தைப் பத்திப் பேச வேண்டாம்"னாரு. "பயந்தாங்கொள்ளி மாமா நீங்க"ன்னேன். ஆமா பாப்பான்னுட்டுப் போயிட்டாரு. தச்ச கூலிகூட வாங்கல அந்தச் சட்டைக்கு.

காலையில அப்பாதான் பஸ் ஏத்திவிட வந்தாரு, காய்ச்சலோட. பஸ் கிளம்புற நேரத்துல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுகிட்டு, "யோகா, அவங்க சொல்றது எல்லாமே பொய்னு சொல்லிட முடியாதுல்ல?"ன்னாரு. எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா கோவம்! "நீங்களே இப்படிச் சொல்லலாமாப்பா? நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"ன்னேன். கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு. கம்பியைப் பிடிச்சுகிட்டே கொஞ்ச தூரம் கூட வந்தாரு. வாய் அசைஞ்சுச்சு. இன்ஜின் சத்தத்துல என்ன கேக்கும்? காய்ச்சல்ல உளறியிருப்பாரு.

டோல்கேட் தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இதைப் பாருங்க. பர்ஸ்லதான் வச்சிருக்கேன். வெந்நீர் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது கிடைச்சுச்சு. எல்லா வீட்லயும் பழைய துணியை அடுப்புலதான் போடுவாங்க, உங்க வீட்ல இல்லையா? நாலு கிடைச்சுச்சு. நல்ல பித்தளை, பாருங்க, ஓரம்தான் கருத்திருக்கு, நங்கூரம் அப்படியே இருக்கு. வேற எதுக்காவது ஆகும்னு எடுத்து வச்சேன். சட்டை பெட்டியில இல்ல. தேடிட்டேன். துக்க வீட்ல நாலு பேரு வருவாங்க போவாங்க, யாராவது எடுத்திருப்பாங்க.

அக்கா, நீங்க ஆபீஸ்ல வேலை பாக்குறீங்க, கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும். ஒண்ணு கேக்குறேன். டிவிக்காரங்க அன்னைக்குக் காட்டுன அந்தப் படத்தைக் கமிஷன்ல குடுத்திருக்காங்களாம். இன்னைக்குச் சுவர்ல பெருசாக்கி என்கிட்ட காட்டுவாங்களாம், இது யாருன்னு கேப்பாங்களாம். வக்கீல் சார் சொன்னாரு. எங்க பந்தல் டிவியில பாத்தப்ப ஒரே புள்ளி புள்ளியா இருந்துச்சு, ஒண்ணும் தெரியல.

சுவர் அளவுக்குப் பெருசாக்குனா, பொத்தான் வரைக்கும் தெரியுமாக்கா?